சேருக்கு அடியில் ஒரு குடுவை

அக்கா,

இன்று உங்கள் பல் கிளினிக்கின் கதவைத் திறந்ததும் கிராம்புத் தைல வாசனை முகத்தில் மோதியது. நீங்கள் உள்ளே இருப்பது போலவே இருந்தது. நீங்கள் இறந்தபின் பூட்டிக் கிடந்த இடத்தைப் புது டாக்டர் எடுத்திருக்கிறார். என்னையும் உதவிக்கு வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவதோடு நின்ற என்னை நீங்கள் சேர்த்துக்கொண்ட புதிதில், ஒருவரின் பல்லில் அடைத்திருந்த பழைய வெள்ளியை ராவி எடுத்தீர்கள். அவர் துப்பிய தண்ணீரில் சாம்பல் தூள் ஓடியது.

"இதுல பாதரசம் இருக்குது சாமி. இந்தச் சாக்கடை எங்க போவுது?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"ஆத்துக்குங்கக்கா."

குமாரபாளையமே குடிக்கும் ஆறு. அன்று மத்தியானம் நீங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

தறி ஓடும் நம் ஊரில் எதற்கும் முதலில் துணிதான் ஞாபகம் வரும். நெருக்கமாக நெய்த துணியை வாங்கி வந்து துப்பும் தொட்டியின் குழாய்க்குள் கட்டினீர்கள். எச்சில் படிந்து துணி அடைத்துக்கொண்டது. தொட்டி பொங்கி, சேரில் படுத்திருந்த பெரியவரின் வேட்டியெல்லாம் நனைந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, பல்லுப் புடுங்க வந்தவனக் குளிப்பாட்டி உடறீங்களே!"

நீங்கள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. நிரம்பி நின்ற தொட்டியில் மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் தூள் படிந்திருந்தது.

"வடிகட்டவே வேண்டாம் சாமி. நிக்க உட்டாப் போதும்."

ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது வீட்டில் குடத்தில் தெளிய வைப்போமே, அதேதான். நாற்காலிக்கு அடியில் அகலமான கண்ணாடிக் குடுவை வந்தது. தண்ணீர் அதில் மெதுவாக இறங்கி, நின்று, மேல்வாய் வழியே வெளியேறும். கரண்ட் வேண்டாம். மாற்றி எறிய எதுவும் இல்லை. சாயங்காலம் டார்ச் அடித்துக் காட்டினீர்கள். அடியில் நகக்கண் அளவு சாம்பல் மணல் மினுங்கியது. அத்தனை பெரிய ஆற்றுக்குப் போக வேண்டியது நம் காலடியில் அசையாமல் கிடந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எல்லாத்தையும் புடிக்காது. புடிச்ச வரைக்கும் மிச்சம்" என்றீர்கள்.

இன்று புது நாற்காலி பொருத்த வந்தவர் அந்தக் குடுவையைக் கழற்றப் போனார். "இதென்னுங்க ஊறுகா ஜாடி? நேராச் சாக்கடைக்கு உட்டுரலாம்."

"வேண்டாங்கண்ணா! அது இருக்கோணும்!"

கத்தியது நான்தான். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில் குடுவையின் அடியைப் பார்த்தார். பிறகு பொருத்த வந்தவரிடம் திரும்பினார்.

"குடுவைக்கு எடம் உட்டுச் சேரைப் போடுங்க" என்றார்.

இப்போதெல்லாம் எந்தக் குழாயைத் திறந்தாலும், அந்தத் தண்ணீருக்குப் பின்னாலேயே என் கண் போகிறது, அக்கா. சுவர் மறைத்தாலும் நிற்பதில்லை.