அறுபது தாமரை மெழுகுவர்த்திகள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
29.8.2025

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஹரீஷும் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். பன்னிரண்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை, வாட்சப்பையும் திறக்கவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அப்பா கடல் தாண்டிப் பிறை ஊருக்கு வேலைக்குப் போய் வருகிறார், மழையில் பாலத்தில் மோட்டார் ஓட்டாதீர்கள் என்றால் கேட்பதில்லை. குழந்தைக்குப் பேர் வைக்கிற முப்பதாம் நாள் விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நான் மெழுகுவர்த்தி செய்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். குழந்தை மெல்பர்னில் பிறந்தாலும் இங்கேயும் விருந்து வைக்கவேண்டும், கடையில் வாங்கின எதையும் என் பேத்தி பேரில் கொடுக்கக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. யூடியூப் பார்த்துப் பழைய பால் சட்டியில் மெழுகைப் போட்டு வெந்நீர் மேல் வைத்து உருக்கித் தாமரை அச்சில் ஊற்றினேன். முதல் பத்தும் நடுவில் குழிந்துபோயின, ஆறியபிறகு இன்னொரு முறை கொஞ்சம் ஊற்றவேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. ரோஜா வாசனையை அப்பாதான் சொட்டு எண்ணி விடுவார், எனக்குக் கை தாராளமாம். அறுபதையும் முடித்த மறுநாள் மாப்பிள்ளை போன் செய்தார், வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது என்று.

இரண்டாம் நாள் நீ பேசினாய். அவளை மடியில் வைத்திருந்ததைச் சொன்னாய், நர்ஸ் அவள் பாதத்தில் மை தடவி அச்சு எடுத்துக் கொடுத்ததைச் சொன்னாய், பேர் வைத்துவிட்டோம்மா என்று அந்தப் பேரையும் சொன்னாய். நான் பாவி, முப்பது நாள் காணாத பிள்ளைக்கு நம்மில் பேர் வைப்பதில்லைம்மா, வைத்தால் மறக்க முடியாது, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றேன். உன்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். நீ போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் அதைப் பேசாதீர்கள் என்று அடக்கினேன், அப்பாவையும் சேர்த்து.

முந்தாநாள் கீழ்மாடி சலேஹா துக்கம் விசாரிக்க வந்தவள், பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டாள். பேரெல்லாம் இல்லை என்றேன். அவளுக்கும் ஏழாம் மாதத்தில் ஒன்று அப்படிப் போயிருக்கிறதாம், இருபது வருஷம் ஒரே பிளாட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. அஃபிக் என்று பேர் வைத்துத்தான் அடக்கம் செய்தார்களாம். "பேர் சொல்லாம அவனுக்கு எப்படிக்கா துஆ கேக்குறது, எனக்கு மூணு பிள்ளைங்க லா, ரெண்டு இல்ல" என்றாள். அவள் போனபிறகு நான் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துச் சாமி மேடையில் ஏற்றி, உன் மகள் பேரை வாய்விட்டுச் சொன்னேன். குளித்துவிட்டு வந்த அப்பா அப்படியே நின்று, "இன்னொரு தடவ சொல்லு புஷ்பா" என்றார். சொன்னேன். உன் கல்யாணத்தில்கூட அழாத மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அவள் யார் ஜாடை என்று நான் உன்னைக் கேட்கவே இல்லை ரூபினி. முடி நிறைய இருந்ததா, விரல் உன்னுடையது மாதிரி நீளமா, எதையுமே கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு. அடுத்த மாதம் பதினாலாம் தேதி முப்பதாம் நாள் வருகிறது. விருந்து வைக்கப் போவதில்லை. மிச்சமிருக்கிற மெழுகுவர்த்திகளை அப்பாவும் நானும் வீடு வீடாகக் கொண்டுபோய், எங்கள் பேத்தி பேரில் ஏற்றுங்கள் என்று அவள் பேரைச் சொல்லிக் கொடுக்க நினைக்கிறோம். உனக்குச் சம்மதம் என்றால் ஒரு வார்த்தை அனுப்பு, போனில் பேசக்கூட வேண்டாம். வேண்டாம் என்றால் மெழுகுவர்த்திப் பெட்டியைத் தொடமாட்டேன்.

மார்பில் பால் கட்டி வலிக்கும், இங்கே என்றால் நான் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருப்பேன். அங்கே டாக்டரிடம் வெட்கப்படாமல் கேள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையும் தனியாக அழுதுகொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார். தண்ணீர்மலையான் உங்களைக் காப்பாற்றட்டும். அந்தப் பாத அச்சைப் படம் எடுத்து அனுப்ப மறக்காதே, நான் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா புஷ்பவள்ளி,
அதிராவின் பாட்டி.