எங்கள் வீட்டுக் கேக், நம்ம வீட்டுக் கேக்

செங்கல்பட்டு,
மார்கழிக் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் சஹானாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவும் நானும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை அதன் தலையிலிருந்து சொல்லிக்கொண்டு வருவதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது, உன்னைக் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. கடிதத்தில் ஒரு வசதி, நடுவில் யாரும் வெட்ட முடியாது. வேடந்தாங்கலுக்கு இந்த வருஷமும் பறவைகள் வந்துவிட்டன, எங்கெங்கிருந்தோ பறந்து வந்து ஏரி மரமெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருக்கின்றன. பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். அதுங்களுக்கு விசா வேணாம், லீவு வேணாம், வருதுங்க என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது கேக் சமாசாரம். நீ முதல் சம்பளத்தில் வாங்கிய ஓவனை விட்டுவிட்டுப் போகும்போது யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய். எனக்கு மனசு வரவில்லை. சும்மா வைத்திருந்தால் துரு ஏறும் என்று வீடியோவில் உன்னைக் கேட்டுக் கேட்டுச் செய்து பழகினேன், முதல் கேக் கோடையில் வற்றிய ஏரி மாதிரி நடுவில் பள்ளமாகப் போனது உனக்கு நினைவிருக்கும். இன்றைக்கு இந்தத் தெருவில் பிறந்தநாள் என்றால் என் கேக்தான். ஆனால் விலை சொல்வதில் மட்டும் நான் தேறவே இல்லை. கிலோ தொள்ளாயிரம் என்று நீ கணக்குப் போட்டுக் கொடுத்தாய், வெண்ணெய், முட்டை, கரன்ட், டப்பா, உங்கள் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் என்றாய். வெளியாள் கேட்டால் அந்த விலையைச் சொல்ல எனக்குத் தடையில்லை. மாமல்லபுரத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கும் மோசஸ் சனிக்கிழமைதோறும் வெளிநாட்டு விருந்தினருக்கு வாழைப்பழக் கேக் வாங்குகிறார், முழு விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறார். தெரிந்தவர்கள்தான் கஷ்டம். என்னோடு வேலை பார்த்த பூங்கொடி டீச்சர் வந்து உட்கார்ந்து காபி குடித்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, எழுந்து செருப்பு மாட்டும்போது, சார், நம்ம கேக்குதானே, பார்த்துப் போட்டுக்கோங்க என்பார்கள். கடைத்தெருவில் நாம் கத்தரிக்காய்க்காரரிடம் சொல்கிற அதே பார்த்துப் போடுங்கள். நானும் பார்த்துத்தான் போட்டேன். தொள்ளாயிரம் அறுநூறாகி, சில பேருக்கு ஐந்நூறாகி, ஒருவர் வெண்ணெய் மட்டும் வாங்கித் தந்துவிடுகிறேன் சார் என்று சொல்கிற அளவுக்குப் போனது.

உன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பூங்கொடி டீச்சர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். நீங்க கேக்கா விக்கிறீங்க? வூட்டுக்கு ஆள் வரதுக்குக் கூலி குடுத்துகினு கீறீங்க என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் நல்ல பையன் தவறான விடை எழுதினால் திருத்திவிடலாம், சரியான விடையை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன செய்வது? நீ போன பிறகு சாயங்காலத்தில் இந்தக் கூடம் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. டிவி ஓடும், இரண்டு பேரும் பார்க்க மாட்டோம். கேக் வாங்க வருகிறவர்கள் நீ உட்காருகிற அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சத்தமாகச் சிரித்துவிட்டுப் போவார்கள். அதற்குத்தான் குறைத்துக் கொடுத்தேன் போலிருக்கிறது. அம்மா சொல்கிற வரை எனக்கே தெரியவில்லை.

அப்புறம் நீ போனில் கொஞ்சம் கோபமாகவே சொன்னாய், அப்பா, ஒரு விலைப்பட்டியல் போடுங்க, எல்லாருக்கும் ஒரே விலை, நான் படம் செஞ்சு தரேன் என்று. வாசகம் எழுதி அனுப்பச் சொன்னாய். நான் தமிழாசிரியன் அல்லவா, ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து எழுதினேன். "எங்கள் வீட்டில் சுத்தமாகச் செய்யப்படும் கேக் வகைகள். விலை அனைவருக்கும் ஒன்றே." நீ அழகாகச் செய்து அனுப்பினாய், பின்னால் நம் அடுப்பங்கரையின் நீல ஓடு கூடத் தெரிந்தது. அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பூங்கொடி டீச்சர் உடனே கட்டைவிரல் உயர்த்தினார்கள், பிறகு ஒரு கிலோ சொன்னார்கள், விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டால் குறைக்க மாட்டேனா என்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் செங்கல்வராயன் மட்டும் பதில் போடவில்லை.

செங்கல்வராயனை நீ மறந்திருக்க மாட்டாய், அடுத்த தெரு, அணுபுரத்தில் அணுமின் நிலைய ஊழியர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்த அன்று லுங்கியோடு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மோசஸுக்குக் கேக் கொண்டுபோவதும் அவர் வண்டியில்தான். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன், திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை பஸ் ஓட்டுகிற மாதிரியே ஹாரன் அடித்துக்கொண்டு போவார். கேக்கைக் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்போம். ஒருமுறை நான் கடலைக் காட்டி, இதைத் தாண்டித்தான் என் பெண் இருக்கிறாள் என்றேன். வாத்தியாரே, அந்தாண்ட பர்மா கீது, உம் பொண்ணு இந்தாண்ட என்று முதுகுக்குப் பின்னால் மசால் வடைக் கடையைக் காட்டினார். என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, சரி வுடு, சுத்திகினு போனா ரெண்டு ரூட்டும் அங்கதான் போவும் என்றார். அப்படிப்பட்ட மனிதர். அவருடைய பேரனுக்கு முதல் பிறந்தநாள், திருக்கழுக்குன்றத்தில் மண்டபம் பிடித்து மூன்று கிலோ கேக் சொல்லியிருந்தார். நம்மளுக்கு இன்னா வாத்தியாரே, நீயே பார்த்துப் போட்டுக்கோ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். பட்டியல் போட்ட மறுநாளிலிருந்து அவர் சாயங்கால நடைக்கு வரவில்லை.

சனிக்கிழமை வந்தது, வண்டி வரவில்லை. நான் பஸ்ஸில் போனேன். உட்கார இடமில்லை, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டப்பா. மோசஸ் திறந்து பார்த்துவிட்டு, இன்னா சார், கேக்கு நின்னுகினே வந்துச்சா, ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது என்று சிரித்தார். சாய்ந்த கேக்குக்கும் முழு விலையே கொடுத்தார். நான் கடற்கரைக்குப் போனேன், வேர்க்கடலை வாங்கினேன், பாதியைக் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கடலைப் பார்த்து உட்காருவதா, வடைக் கடையைப் பார்த்து உட்காருவதா என்று ஒரு நிமிஷம் குழப்பமாகிவிட்டது. சிரிக்காதே. நியாயமான விலை என்று நினைத்து ஒரு சிநேகிதனை இழந்துவிட்டேனா, அவர் வண்டிக்கு நான் என்றைக்காவது பெட்ரோல் காசு கொடுத்தேனா, அவர் கணக்குப் பார்க்காமல் விட்டதை நான் மட்டும் எண்ணிப் பார்த்தேனா என்று என்னவெல்லாமோ ஓடியது. நீயும் தூரத்தில், அவரும் போய்விட்டால் யாரிடம் போய் உன்னைப் பற்றிப் பேசுவேன்? அம்மாவிடம் பேசினால் அவள் அழுதுவிடுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை உட்காரவிடவில்லை, போய்க் கேட்டுட்டு வாங்க என்று அனுப்பிவிட்டாள். அவர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை. செங்கல்வராயன், விலை உங்களுக்கு வருத்தமென்றால் பழைய விலையே இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். குழாயைக் கீழே போட்டார். வெலைக்கா கோச்சிகினேன்? கேக்குக்கு உண்டான காசக் குடுக்க எனக்கு வக்கில்லியா? என்றார். பிறகு ஈரக்கையோடு போனை எடுத்து அந்தப் படத்தை என் மூக்குக்கு நேரே காட்டினார். எங்கள் வூட்டில்னு போட்டுகீறியே, அப்ப நான் யாரு? பர்மாக்காரனா? நான் வந்து காபி குடிச்ச வூடு, ஜோதியம்மாவத் தூக்கிகினு போன வூடு, அது எங்கள் வூடு ஆயிடுச்சா உனக்கு? தமிழ் வாத்தியாருதான நீ, நீயே சொல்லு என்றார்.

சஹானா, போனை வாங்கி அந்தச் சொல்லை மறுபடி படித்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் நடத்திய பாடம் அது. நாங்கள் சினிமாவுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னால் நீ வீட்டில் இருக்க வேண்டியதுதான், நாம் சினிமாவுக்குப் போகிறோம் என்றால் ஓடிப்போய்ச் சட்டையை மாட்டு. கேட்கிறவனையும் உள்ளே சேர்த்தால் நாம், வெளியே நிறுத்தினால் நாங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லியிருப்பேன். மரியாதையாக இருக்கட்டும் என்று எழுதினேனே தவிர, அந்த ஒரு சொல்லால் தெருவையே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று தோன்றவில்லை. பூங்கொடி டீச்சர் நம்ம கேக் என்று சொன்னபோதெல்லாம் காசைக் குறைக்கத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் அதற்கும்தான். ஆனால் முழுக்க அதற்கு மட்டும் இல்லை.

நான் பிழைதான் என்றேன். அவர் இறங்கி வந்துவிட்டார். வெல எல்லாருக்கும் ஒண்ணுன்னு போட்ட பாரு, அது கரெக்டு, அதத் தொடாத, இல்லன்னா உன்ன ஊரே மொட்டையடிச்சிடும், மேல கீற சொல்ல மட்டும் மாத்து என்றார். அப்படியானால் பெட்ரோலுக்கு நான் பாதி கொடுப்பேன் என்றேன். குடு, முழுசாவே குடு, நான் இன்னா ஒன்ன மாதிரி வெட்கப்படுவேன்னு நெனச்சியா என்றார். சட்டைப்பையிலிருந்த வேர்க்கடலையைக் கொடுத்தேன், நமுத்துப் போயிருந்தது, திட்டிக்கொண்டே தின்றார். போன வியாழக்கிழமை பிறந்தநாள் முடிந்தது. மூன்று கிலோவுக்கும் முழு விலை உறையில் போட்டு எல்லோருக்கும் எதிரே என் கையில் கொடுத்தார். கத்தியை எடுப்பதற்குள் பையன் கையை மணிக்கட்டு வரை கேக்குக்குள் விட்டுவிட்டான். சாப்பிட்டவர்கள் யார் செய்தது என்று கேட்டபோது செங்கல்வராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நம்ம வூட்ல செஞ்சது என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிறது.

ஆகவே உனக்கு ஒரு வேலை. அந்தப் படத்தில் எங்கள் வீட்டில் என்று இருப்பதை நம்ம வீட்டில் என்று மாற்றி அனுப்பு. விலையைத் தொடாதே. நீ போட்ட கணக்கு சரியான கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். போன மாதம் இங்கே புயல் மழை பெய்த அன்று நீ பதறிப்போய்க் கூப்பிட்டு, உங்க வீட்டுல கரன்ட் இருக்காப்பா என்று கேட்டாய். அதற்கடுத்த வாரம், எங்க வீட்டு வாசல்ல முழங்கால் அளவுக்குப் பனி என்றாய். இலக்கணப்படி இரண்டிலும் பிழை இல்லை. நீ அங்கே குடியிருக்கிறாய், நாங்கள் இங்கே இருக்கிறோம், முழு மதிப்பெண் போட வேண்டிய வாக்கியங்கள். ஆனாலும் போனை வைத்த பிறகு அவை காதிலேயே கிடந்தன. சிநேகிதர்கள் விலை குறைக்கச் சொன்னால் குறைக்காதே என்று நீ சொன்னாய், அப்படியே செய்துவிட்டேன். இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கொள்ளம்மா. அடுத்த தரம் நம்ம வீடு என்று சொல். அங்கே இருக்கிறதைச் சொன்னாலும் சரி, இங்கே இருக்கிறதைச் சொன்னாலும் சரி.

பனியில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையையும் மூடிக்கொள்ளச் சொல். பொங்கலன்று நீ எழுந்திருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுவோம். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, நிறைவாக இருக்க அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஜன்னல் ஓரத்து நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாள் அம்மா, வருகிறவர்களை இப்போது வேறு நாற்காலியில் உட்காரச் சொல்கிறாள்.

நம்ம வீட்டிலிருந்து,
உன் அப்பா
பார்த்திபன்