லண்டன் தாண்டியாச்சு

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
18.11.1984

கர்த்தருக்குள் அன்பான ஜெயகுமாரி மதினிக்கு,

உங்கள் தம்பி மனைவி யூனிஸ் எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. அத்தையின் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. குழந்தை ஜூடித்துக்கு இருமல். உங்கள் தம்பி ஆபீஸ் போகிறார், வருகிறார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமாவை அடக்கம் பண்ணின மறுநாள் அவர் வந்து நின்றபோது, "இப்பதாம்ல ஒனக்கு வழி தெரிஞ்சுதா" என்று கேட்டீர்களாம். அவர் காரணத்தைச் சொல்லாமலே இங்கே திரும்பி வந்துவிட்டார். என்னையும் எழுதக் கூடாது என்றார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் தந்தி வந்தது. அப்பா சீரியஸ், உடனே புறப்படு. மதினி, நம் பக்கத்தில் அப்படித் தந்தி வந்தால் என்ன அர்த்தம்? என் அப்பா இறந்துபோனபோதும் ஹாஸ்டலுக்கு அதே 'சீரியஸ்'தான் வந்தது. தந்தியைப் படிக்கிறவர் நின்ற இடத்திலேயே விழுந்துவிடக் கூடாது என்று, இறந்துபோனவர்களுக்கு அடிக்கிற சொல் அது. உங்கள் தம்பி தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். மாமா போய்விட்டார்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

எட்டாயிரம் மைல். கென்னடி ஏர்போர்ட்டில் ஏறி லண்டன், பம்பாய், மெட்ராஸ், அப்புறம் நெல்லைக்கு ரயில். மூன்றாம் நாள்தான் வீடு. அதற்குள் அடக்கம் முடிந்திருக்கும், வெறுங்கட்டிலைப் பார்க்கவா ஓடுவது, முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் குடும்பமாகப் போவோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையார் வீட்டுக்கு வந்து ஆறுதல் ஜெபம் பண்ணினார்கள். நான் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை உங்கள் பக்கத்து வீட்டு தேவதாஸ் சார் டிரங்க் கால் போட்டு, தம்பி இன்னும் கெளம்பலையா, அப்பா வாசலையே பாத்துக்கிட்டு கெடக்காவ என்றார். மாமா கண் திறக்கும்போதெல்லாம் பிளேன் இப்போ எங்கே வருது என்று கேட்பார்களாம். நீங்களும் லண்டன் தாண்டியாச்சு, பம்பாய் வந்தாச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். அப்போது உங்கள் தம்பி இந்த வீட்டு சோபாவில் அல்லவா உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே ஏறினார். தந்தி வந்த அன்றே ஏறியிருந்தால், இங்கே ஜெபம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அப்பா உயிரோடு இருக்கையிலேயே செத்துவிட்டார் என்று துக்கம் காத்தேன் என்பதை எந்தத் தம்பி அக்காவிடம் சொல்வான்? அதுதான் அவர் நெஞ்சை அரிக்கிறது.

அவருக்கு ஒரு வரி எழுதுங்கள் மதினி. திட்டியாவது எழுதுங்கள். 'ஏல' என்று தொடங்கினாலே போதும், அவர் சாப்பிடுவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அத்தைக்கு ஏதாவது என்றால், கர்த்தர் அப்படி ஒன்றும் வராமல் காக்கட்டும், தந்தியில் 'சீரியஸ்' என்று மட்டும் போடாதீர்கள். உயிர் இருந்தால், உயிர் இருக்கிறது என்று இரண்டு சொல் கூட்டிப் போடுங்கள். நாங்கள் நம்பி ஏறுவோம்.

உங்கள் பிரியமுள்ள,
யூனிஸ் சத்தியசீலன்