யானைப் பூண்டில் பேறுகால மருந்து

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமென்றுதான் ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறாய். இருக்கட்டும். இங்கே மழை விட்டபாடில்லை. பேச்சிப்பாறை அணை நிறைந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அப்பா வாழைத் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அத்தை மகன் பிரைட்டன் அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுக்கும் கருப்பட்டிப் பொதிக்குள் இதை வைக்கிறேன். பிரித்துப் படிக்கிற பையன் இல்லை. ஆனாலும் உறையின் நாலு பக்கமும் ஒட்டிவிட்டேன்.

நீ கேட்ட மருந்துக்கு வருகிறேன். அங்கே கிடைத்த யானைப் பூண்டில் கிண்டிப் பார்த்தாயாம், மசித்த உருளைக்கிழங்கு போல இனித்ததாம், காரமே இல்லையாம். எப்படி இருக்கும்? தாவரவியல் படித்தவள் சொல்கிறேன், அது பெயருக்குத்தான் பூண்டு. அங்கே லீக்ஸ் என்று நீளத் தண்டாக விற்கிறார்களே, அதற்குத்தான் நெருங்கிய சொந்தம். ஒரு பல்லே பலாக்கொட்டையைவிடப் பெரிது. முழுதாக எண்ணெயில் போட்டால் மேலே கருகிக் கசக்கும், உள்ளே வேகாது. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து மசி. கருப்பட்டிப் பாகில் சேர்த்து, சிறு தீயில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறு. சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது சுக்குப்பொடியும் மிளகுப்பொடியும் தூவி இறக்கு. மிச்சப் பூண்டில் தேங்காய் வறுத்தரைத்துத் தீயல் குழம்பு வைக்கலாம், அந்த இனிப்புக்குப் புளி பொருந்தும். ஆனால் பெற்றவளுக்கு இப்போது புளி வேண்டாம். என்ன செய்தாலும் அது நம் பூண்டு ஆகாது என்பதால் நானே ஒரு பாட்டில் கிண்டி அனுப்பியிருக்கிறேன்.

இதெல்லாம் உன் தோழி ஜின்சிக்குத்தான் என்றாய். அவள் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள், பிள்ளையும் பெற்றுவிட்டாள், புதுக்கடையில் அவள் வீட்டுக்கு எதுவும் தெரியாது என்றாய். அப்பா, “அவளுக்க கூட்டுக்காரிக்கு மருந்து கிண்டிக் குடுக்க ஒரு அம்மை இல்லியா?” என்று கேட்டார். “அங்க நல்ல பூடு கிடைக்கல்லியாம்” என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன வாரம் கண் காட்ட நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஜின்சியின் அம்மா. “மாப்பிள்ளை பாக்கத் தொடங்கியாச்சு அக்கா. ‘ஏட்டி, நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பு’ன்னு சொன்னதுக்கு, முந்தாநாள் கடப்பொறத்துல நின்னு சாடுத போட்டோவ அனுப்பிருக்கா. இத நான் மாப்பிள்ளை வீட்டுல காட்டவா? உங்க ஜாஸ்பினுக்கு எப்பம் பாக்கப் போறிய?” என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். இப்போதுதான் பெற்று எழுந்தவள் குதிக்கிற குதியாக அது இல்லை. பழைய படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜின்சி பொய் சொல்கிறவளாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே அப்படி ஆசைப்பட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் வெட்கமாக இருந்தது.

தோழிக்காகக் கேட்பவள் செய்முறையைக் கேட்பாள். நீ தையல் போட்டிருந்தால் சாப்பிடலாமா என்று கேட்டாய். பூண்டு வாடை பாலில் இறங்கினால் பிள்ளை குடிக்குமா என்று கேட்டாய். நீ நர்ஸ் அல்லவா, கேட்கத்தான் செய்வாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நர்ஸுக்கு இதெல்லாம் தெரியாதா என்று அடுத்த நிமிடமே தோன்றியது.

அளவு காட்ட அந்தப் பூண்டை உள்ளங்கையில் வைத்துப் படம் அனுப்பினாயே. அப்பா, “இது பூடா, தேங்காயா?” என்றார். நான் விரல்களைப் பார்த்தேன். கழன்று விழாமல் இருக்க நூல் சுற்றிப் போடுவாயே, அந்த மோதிரம் இல்லை. போடவும் முடியாது, விரல்கள் அப்படி வீங்கியிருந்தன. பின்னால் ஹீட்டர் மேல் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம் அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

ஜின்சியிடம் சொல். காலையில் நெல்லிக்காய் அளவு மருந்து போதும். பச்சைத் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். பிள்ளை தூங்கும்போது அவளும் தூங்கட்டும். யார் அவன், எங்கே இருக்கிறான் என்று அவள் அம்மா கேட்பாள், கேட்காமல் இருக்க எந்த அம்மாவாலும் முடியாது. ஆனால் முதலில் அதைக் கேட்கமாட்டாள். சபையில் எப்படித் தலைநிமிர்வது என்று ஒரு நாள் முழுக்க அழுவாள். மறுநாள் எழுந்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போவாள். நான் போய்விட்டு வந்துவிட்டேன். எருசலேம் யாத்திரைக்கு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் மற்றதைச் சொல்வதும் அம்மாவின் வேலைதான், மகள் பயப்பட வேண்டாம்.

பிள்ளை ஜின்சியுடையதுதான் என்றால், என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஆராதனை முடிந்து அப்பா கமிட்டிக் கூட்டத்துக்கு இருந்துவிடுவார், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம் மக்களே. போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பு, போதும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அம்மா,
தேவகனி