காந்தம் எட்டாத நரம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குதுன்னியே, இப்ப எப்படி இருக்கு? அப்பா நேரத்துக்கு மாத்திரை தர்றாரா?

இன்னிக்கு வேலையில தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பயப்படாதே, எனக்கு ஒண்ணும் ஆகல. எங்க ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற அக்கா, நல்ல பருமன், தசை சோதனைக்கு வந்தாங்க. தொடை நரம்பு மேல, தசையைத் தானா துடிக்க வைக்கிற காந்தக் கருவியை வச்சு அழுத்தினேன். கால் லேசா துள்ளுச்சு, அவ்வளவுதான்.

"தசையில பாதி பலம்கூட இல்லக்கா"ன்னேன்.

"அப்போ ஈர மூட்டையோட தினமும் மூணு மாடி ஏறுறது யாரு, உன் மாமியாரா?"ன்னாங்க.

காலை நாற்காலியோட தோல் வாரால கட்டி, அவங்களையே உதைக்கச் சொன்னேன். நாற்காலியே ஆடிப்போச்சு! டாக்டர் வந்து பாத்தார். "கொழுப்பு தடிமனா இருந்தா காந்த விசை நரம்பை முழுசா எட்டாதும்மா, தசை பாதிதான் துடிக்கும். தசை நல்லாத்தான் இருக்கு"ன்னார்.

உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு. அம்மா, நீயும் பூசினாப்ல உடம்புதானே? உனக்கும் இதே காந்தத்தை வச்சுத்தானே பாத்தாங்க? அந்த ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, "இனிமே மாடிப்படி பக்கமே போகாதே"ன்னு அதட்டினது நான்தானே? எட்டு மாசமா என் பேச்சைக் கேட்டு நாற்காலியிலேயே கிடக்கிறியே!

இந்த லெட்டர் கிடைச்ச உடனே டாக்டர்கிட்ட போ. உதைக்க வச்சுப் பாக்கச் சொல்லு.

அடுத்த ஆள் வந்து உக்காந்தாச்சு, முடிக்கிறேன். இங்க ராத்திரியெல்லாம் குளிருது. மாடி அலமாரியில என் நீலப் போர்வை இருக்கு, அனுப்பு. அப்பாவை எடுக்கச் சொல்லாதே. டாக்டர் சரின்னா, நீயே ஏறிப்போய் எடு.

உன் மகள்