இரண்டு உத்தரங்களின் வயது

பிப்ரவரி 12, 2006. மல்லாங்கிணறு

இல்லை, யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயை விட்டேன். பங்குனிப் பொங்கலில் முதல் மரியாதை, தெருவில் முதலில் கட்டிய வீட்டுக்கு. எங்கள் வீடா, எதிர்வீட்டுப் பங்காளி பெத்தணன் பெரியப்பா வீடா? இந்தச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது நான் பள்ளிக்கூடம் போன காலத்தில். ‘தேக்கு உத்தரத்தின் வளையங்களைப் பார்த்தால் மரம் வெட்டிய வருடம் தெரியும்’ என்றேன். பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சியே அதுதான். ஊர்க்கூட்டம் தலையாட்டியது. இப்போது தீர்ப்பு என் கையில்.

பிப்ரவரி 19

பெரியப்பா வீடு. உத்தரத்துக்கு நேர்கீழே சரவெடி மூட்டை — மகன் விக்னேஷ்குமாருக்குச் சிவகாசிக் கம்பெனியில் கொடுத்தது.

“கரண்டு மிசினெல்லாம் இங்கன ஆகாது தாயி. கையால குடை” என்றார் ராமுத்தாய் பெரியம்மா.

உள்ளங்கை கொப்பளிக்கும்வரை குடைந்தேன். பென்சில் கனத்தில் ஒரு குச்சி வந்தது. துளையில் பெரியம்மா மஞ்சள் அப்பிக் குங்குமம் வைத்தார்.

“ரொம்ப வலிச்சிருக்குமோ?” என்றார் பெரியப்பா.

எனக்கா, உத்தரத்துக்கா? கேட்கவில்லை.

பிப்ரவரி 20

எங்கள் வீட்டிலும் குடைந்தாயிற்று. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மஞ்சள், குங்குமம், கூடவே ஒரு முழம் மல்லிகை.

மார்ச் 14. பல்கலைக்கழகம்

பஞ்ச வருடத்தில் வளையம் ஒடுங்கும், மழை வருடத்தில் அகலும். இரண்டு குச்சிகளிலும் மயிரிழை பிசகாமல் அதே ஒடுக்கம், அதே அகலம். வேறு வேறு மரமென்றால் இவ்வளவு ஒத்துப்போகாது. பட்டையை ஒட்டிய கடைசி வளையமும் ஒரே வருடம், 1871.

ஒரே மரம்!

சிரித்தேன். பிறகு பயம். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“நமக்கு ரெண்டு வருசம் கூட்டிச் சொல்லேன்.”

“மாட்டேம்ப்பா.”

“பெறகு அம்புட்டுப் படிக்க வச்சது எதுக்கு?”

மார்ச் 26

கூட்டத்தில் சொன்னேன்: ஒரே மரம், ஒரே வருடம், மரியாதையும் சேர்ந்தே. அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தேனா? ‘பெரியப்பா வீட்டில் வளையங்கள் கூடுதல். அது அடிமரம், எங்களுடையது மேல்துண்டு’ என்றேன்.

பெரியப்பா எழுந்துவிட்டார். “அப்ப நாங்கதான் மூத்தவுக!”

அப்பா இத்தனை வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். “அடி உங்களுதாவே இருக்கட்டும்ணே. பூத்ததும் காய்ச்சதும் பூராம் எங்க பக்கந்தான?”

“ஏலே, நான் இல்லாட்டி நீ எங்கன நின்னு பூத்திருப்ப?”

இருவரும் மரமாகவே ஆகிவிட்டார்கள்.

ஏப்ரல் 4. பொங்கல்

மரியாதை பெரியப்பாவுக்கு. தலையில் கட்டிய பரிவட்டத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மேல்துண்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஏணியில் ஏறினார். அப்பா கீழே பிடித்துக்கொண்டார்.

“பாத்துண்ணே.”

“எங்களுதவிட ஒல்லியாத்தாம்லே இருக்கு.”

“ஒல்லின்னாலும் வளைஞ்சிருக்கா, சொல்லுங்க?”

இறங்குவதாகத் தெரியவில்லை. காபிக்குப் பால் போதாது. செம்பை எடுத்துக்கொண்டு வாங்கப் போனேன்.