நான்காம் வட்டாரத்தின் ஒரு வாக்கு

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
செப்டெம்பர் 20, 2023

அன்புள்ள நண்பன் ஜெயரத்தினத்துக்கு,

மகேசன் எழுதுவிப்பது. நான் சொல்லச் சொல்ல மருமகள் டிலக்சி எழுதுகிறாள். ஸ்தவாங்கரில் உன் மகன் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க முருகன் துணை. உன் முழங்கால் நோ எப்படி? எனக்குக் கண் மங்கல், வேறு குறையில்லை. தொலைபேசியில் என்றால் நீ பகிடி விட்டே என் வாயை அடைத்துவிடுவாய். அதுதான் கடிதம்.

உன் பேத்தி கம்சாயினி ஸ்தொவ்னர் பகுதிச் சபைக்கு வென்றதை நீ அறிவாய். நான் அவளுக்குப் போட்டதை அறியமாட்டாய். இந்த நாட்டு வாக்குச்சீட்டில் சின்னமே இல்லை, வெறும் எழுத்து. அவள் ஒன்பதாவது பெயர் என்று டிலக்சி சொல்லிவிட்டிருந்தாள். விரலை வைத்து ஒன்பது வரி எண்ணிப் புள்ளடி போட்டேன். அப்படி விழுந்த புள்ளடிகள்தான் அவளை மேலே தூக்கிவிட்டனவாம். எங்கள் மேட்டுப்பாதையில் கிழடுகள் இருந்து மூச்சாற ஒரு வாங்கு போடுவிப்பதுதான் அவளுடைய முதல் வேலையாம்.

கோடை விடுமுறையில் அவள் கொப்பியோடு வந்தாள். நம் ஊர்க் கிராமசபையின் சரித்திரத்தை எழுதப்போகிறாளாம். சபையைக் கலைத்து நாற்பது வருஷத்துக்கு மேல். ஏடுகள் சண்டையில் எரிந்துபோயின. ஏழு வட்டாரத்தையும் எல்லையோடு சொன்னேன். முதலாவது கோயிலடி, இரண்டாவது சந்தை, மூன்றாவது குளக்கட்டு, நான்காவது வாய்க்காலுக்கு அங்காலே நாம். மீதி மூன்றும் கடற்கரைப் பக்கம். எந்தத் தேர்தலில் யார் நின்றார் என்பதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, நாங்கள் இருக்கும் இந்த இடமும் முன்பு ஒஸ்லோ இல்லை, ஆக்கர் என்ற தனி நாட்டுப்புறச் சபை என்றாள். அதற்குள்ளும் தேவாலயப் பங்குகள் இருந்தனவாம். நாற்பத்தெட்டில்தான் பட்டணத்தோடு சேர்த்தார்களாம். நம் பக்கத்தையும் பழைய ஆட்கள் கோயிற்பற்று என்றுதானே பிரித்தார்கள். எனக்கு அன்றைக்குத்தான் இந்த ஊரும் ஒரு ஊராகத் தெரிந்தது.

பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினாள். “நான்காம் வட்டாரத்தில் என் அப்பப்பா ஒரு வாக்கில் தோற்றார். அந்த ஒரு வாக்கு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியும், ஜெயரத்தினம். அது என்னுடையது.

டிலக்சி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்றேன்.

நீ ஏணிச் சின்னம். எதிரே குடையில் நின்றவரின் தோட்டத்தைத்தான் நான் குத்தகைக்குச் செய்தேன். தேர்தலுக்கு முதல்நாள் அவருடைய ஆள் வந்து, சீட்டிலே நம்பர் இருக்கு, ஆர் எதுக்குப் போட்டதெண்டு பாத்துப்போடுவம் என்றான். எழுத்தறியாத எனக்கு அந்த நம்பர் என் பெயராகவே தெரிந்தது. புகையிலை வெட்டுக்கு நின்ற நேரம். கை குடைக்குப் போய்விட்டது.

முடிவு சொன்ன அன்று பின்னேரம் நீ என் படலையில் வந்து நின்றாய். “விடு மகேசன். நீயெண்டாலும் எனக்குப் போட்டனிதானே, அது காணும்.” நான் தலையாட்டினேன். நீ வென்றால் வாய்க்காலுக்குப் போடுவிப்பேன் என்ற மதகு ஒன்பது வருஷம் பிந்தித்தான் வந்தது. அவ்வளவு மாரிக்கும் பிள்ளைகள் இடுப்பளவு வெள்ளத்தில் பள்ளிக்கூடம் போனார்கள். உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும்.

இங்கே சீட்டில் முத்திரை குத்திய பெண்ணிடம், நான் போட்டது உங்களுக்குத் தெரியவருமோ என்று டிலக்சியைக் கொண்டு கேட்பித்தேன். ஒருவருக்கும் தெரியாது என்றாள். அதைக் கேட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை.

கம்சாயினி அடுத்த மாதம் முதியோர் ஒன்றுகூடலில் அந்தச் சரித்திரத்தை வாசிக்கப்போகிறாள். அந்த வரியில் என் பெயரைப் போடச் சொல்வேன். அவளுக்கு முதல் நீ அறியவேண்டும் என்றுதான் இது. கோபித்தால் கோபி, ஏசினால் கேட்கிறேன். கதைக்க மனமில்லாவிட்டால் தொலைபேசியில் ஒருதரம் மணியடித்துவிட்டு வை, அது எனக்குக் காணும்.

உன் பேத்தி நீடூழி வாழவேண்டும். அந்த வாங்கு வந்ததும் நீ ஒருக்கால் வா. இரண்டு பேர் இருக்கலாமாம்.

இப்படிக்கு,
உன் நான்காம் வட்டாரத்தான்,
மகேசன்